காந்தும் சக்கரங்கள்

எங்கள் ஜீப்பில் கோளாறு இருப்பதை முதலில் கண்டுபிடித்தது என் மூக்குதான். கொடிக்காலுக்குப் போய்விட்டு வந்து என் வீட்டுக்காரர் வாசலில் வண்டியை நிறுத்தினால், துணி கருகுவதுபோல் ஒரு வாடை அடிக்கும். "என்னங்க, சக்கரம் காந்துது" என்றேன். "பால் பொங்கினாலே கருகிருச்சும்பா இவ" என்று சிரித்தார். மறுநாள் அவரே முன்சக்கரத்துப் பக்கம் கையைக் கொண்டுபோய் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

சோழவந்தானுக்குப் பக்கத்தில் எங்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருக்கிறது. வாய்க்கால் கரைமேல்தான் போக வேண்டும். மழை பெய்துவிட்டால் டிராக்டரே தயங்குகிற சேறு. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற இந்தப் பழைய ஜீப்தான் அதில் போகும். அதை அங்கே ஓட்ட அவரால்தான் முடியும். மனிதர் வாய்விட்டுப் பெருமைப்பட்டுக்கொண்ட ஒரே விஷயம் அதுதான். ஏறி உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிடுவார். செருப்போடு மிதித்தால் வண்டி சொல்வது காலுக்குக் கேட்காதாம். வண்டியை விட்டு இறங்குகிற அன்றைக்கே என்னையும் குழியில் இறக்கிவிடுங்கள் என்று விளையாட்டாகச் சொல்வார். எனக்கு அந்த விளையாட்டு பிடிக்கவே பிடிக்காது.

கோளாறு வாடையோடு நிற்கவில்லை. காலையில் கிளம்பும்போது பிரேக் ஒழுங்காக இருக்கும். சமயநல்லூர் தாண்டுவதற்குள் வண்டியைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் கனக்கும். மதுரைக்குள் நுழையும்போது பெடல் மெத்தென்று உள்ளே போகும். மறுபடி மறுபடி அடித்து மிதித்தால்தான் நிற்கும். வண்டி ஆறிவிட்டால் பழையபடி சரியாகிவிடும். ஒருநாள் செல்லூரில் முன்னால் நின்ற ஷேர் ஆட்டோவை மயிரிழையில் இடிக்காமல் தப்பினோம். அந்த ஆட்டோவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அடைத்துக்கொண்டு இருந்தார்கள்.

எங்கள் மெக்கானிக்கின் பட்டறை செல்லூரில், தறிச் சத்தத்துக்கு நடுவே இருக்கிறது. ஜாக்கி வைத்துத் தூக்கி, ஒவ்வொரு சக்கரமாகக் கையால் சுற்றிப் பார்த்தார். எல்லாம் லேசாகத்தான் சுற்றின. பிரேக் டிரம்மைக் கழற்றினால் உள்ளே லைனிங் கருகிக் கிடந்தது. அதை மாற்றினார். சூட்டில் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது என்று ஆயிலை மாற்றி, குழாயிலிருந்த காற்றையும் எடுத்தார். பத்து நாள் தாங்கவில்லை. மாஸ்டர் சிலிண்டரை மாற்றினார். அதற்கப்புறம், ரப்பர் குழாய் உள்ளே அடைத்திருந்தால் ஆயில் திரும்பாது, அதனால்தான் பிரேக் விடாமல் பிடித்துக்கொள்கிறது என்று குழாய்களையும் மாற்றினார். வாடை மட்டும் மாறவில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். வேலை தெரியலைன்னு சொல்லிரு தம்பி" என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "மதினி, நேத்து அழகர்கோவில் வரைக்கும் நானே ஓட்டிப் பாத்தேன். டிரம்மைத் தொட்டா ஜில்லுனு இருக்கு. எங்கிட்ட இருக்கும்போது ஒண்ணுமே இல்ல. அண்ணே எடுத்துட்டுப் போனாத்தான்..."

"அப்ப எனக்கு ஓட்டத் தெரியலைங்கிறியா?" என்று எகிறினார் இவர். பட்டறையே திரும்பிப் பார்த்தது.

அடுத்த முறை பட்டறைக்குக் கிளம்பியபோது நானும் ஸ்கூட்டரில் அவர் பின்னாலேயே போனேன். மதுரையில் ஒரு மிஷன் பள்ளி அலுவலகத்தில் எனக்கு வேலை. எப்படியும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். எங்காவது முட்டிக்கொண்டால் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கட்டும் என்றும் நினைத்தேன். பரவை தாண்டிய பிறகுதான் கவனித்தேன். ஜீப்பின் பின்னால் பிரேக் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முன்னால் சாலை காலியாகக் கிடந்தது. அவர் வேகமாகத்தான் போய்க்கொண்டிருந்தார். விளக்கு அணையவே இல்லை.

சுவிட்சில் கோளாறு என்று சந்தோஷமாகப் போய்ச் சொன்னேன். மெக்கானிக் குனிந்து பெடலை ஒரு விரலால் தொட்டார். விளக்கு எரிந்தது. விரலை எடுத்தார். அணைந்தது. "சுவிட்சு நல்லாத்தான் இருக்கு மதினி. லேசாத் தொட்டாலே எரியுது" என்றார்.

நான் அங்கே கிடந்த பழைய டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நாளைக்கு முன்னால் என் வீட்டுக்காரர் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குள் வந்தார். இன்னொன்று எங்கே கழன்றது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு ஒருநாள் வலது பாதத்தில் கொப்புளம். "எப்பச் சுட்டுச்சுன்னே தெரியலையே" என்றார். அவருக்குப் பல வருஷத்துச் சர்க்கரை. கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் பயந்துகொண்டிருந்தோமே தவிர, கால் மரத்துப்போகும் என்று நினைக்கவில்லை. வழி நெடுக அந்தக் கால் பெடல்மேல் கிடந்திருக்கிறது. டிரம் காய்ந்திருக்கிறது, ஆயில் கொதித்திருக்கிறது, கடைசியில் மிதிக்க வேண்டிய இடத்தில் பெடல் அமுங்கிப் போயிருக்கிறது.

மெக்கானிக்கிடம் ஒன்றும் சொல்லவில்லை. "நீயே எங்க ஊர் வரைக்கும் ஓட்டிக் காட்டு தம்பி, அண்ணே பக்கத்துல உக்காந்து பாக்கட்டும்" என்றேன். பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு மறுபடி பின்னாலேயே வந்தேன். வேகத்தடையில் விளக்கு எரிந்தது. பஸ் ஸ்டாப்பில் எரிந்தது. மற்ற நேரமெல்லாம் எரியவில்லை. ஹெல்மெட்டுக்குள்ளேயே அழுதேன். வண்டியில் ஏதாவது ஒன்று கெட்டிருக்கக் கூடாதா என்று இருந்தது.

வாசலில் இறங்கியதும் இவர் சக்கரம் சக்கரமாகத் தொட்டுப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியா, இன்னிக்குத்தான் ஒழுங்கா வேலை பாத்திருக்கான்!" மெக்கானிக்குக் காபி கொடுக்கச் சொல்லி, பஸ் ஏற்றிவிட்டு வந்தார். வந்ததும், "சாவியைக் குடு. கொடிக்கால் வரைக்கும் ஓட்டிட்டு வாரேன்" என்றார்.

அவரை நேருக்கு நேர் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. "பின்னாடி லைட்டு ஒழுங்கா எரியுதான்னு பாத்துக்கிறேன். ஏறி மிதிங்க" என்று சொல்லி, சாவியைக் கொடுத்துவிட்டு ஜீப்புக்குப் பின்னால் போய் நின்றேன்.

மிதித்தார். எரிந்தது.

"விடுங்க."

"விட்டாச்சு."

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "இன்னும் விடலைங்க" என்றேன்.

"அட, விட்டுட்டேன்னு சொல்றேன்ல? மறுபடியும் கோளாறா? அந்தப் பயலை..." என்று கத்த ஆரம்பித்தார்.

நான் சுற்றிக்கொண்டு அவர் பக்கம் வந்தேன். அவர் கோபத்தோடு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெறுங்கால் பெடல்மேல் இருந்தது.

"குனிஞ்சு பாருங்க" என்றேன்.

குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் முழங்காலுக்குக் கீழே பிடித்து, அந்தக் காலைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தார். கோபம் போன இடம் தெரியவில்லை. அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"அந்தப் பயலுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது."

சாவியை உருவி என்னிடம் நீட்டினார். அவர் இறங்க வசதியாக நான் தள்ளி நின்றேன்.

"இரு" என்றார். "இன்னும் கொஞ்சம் உக்காந்துக்கிறேன்."