பால் பொங்காத வீடு

“சக்கரம் வச்ச வூட்ட எவன்டி வூடுன்னு சொல்வான்? இதுக்கா அம்மாம் படிப்பு படிச்ச?” நான் வேலை செய்யும் இடத்தை முதன்முதலாகப் பார்த்த அன்று அம்மா கேட்டது இது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. அடையாற்றில் ஒரு பழைய பங்களாவின் பின்புறத் தோட்டத்தில், இழுத்துச் செல்லும் வண்டியின் மேல் சின்னஞ்சிறு வீடுகள் கட்டுகிறோம். கூரையில் சோலார் தகடுகள், ஓரத்தில் கம்பத்தின் மேல் ஒரு சிறிய காற்றாடி, கட்டிலுக்கு அடியில் பேட்டரி. மின்வாரிய இணைப்பே தேவையில்லை. அந்த மின்சாரக் கணக்கு முழுவதும் நான் போட்டது.

முதல் வீடு முடிந்ததும், யாராவது ஒரு மாதம் குடியிருந்து பார்க்க வேண்டும் என்றார் முதலாளி. சரிப்பட்டால் தோட்டத்திலேயே நிறுத்திக்கொண்டு தவணையில் எடுத்துக்கொள்ளலாம். நானும் அம்மாவும் வருகிறோம் என்றேன். ஆற்றோரம் இருந்த எங்கள் வீட்டை அரசாங்கம் இடித்து எங்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பிய பிறகும், மயிலாப்பூரில் இரண்டு வீடுகளில் சமைப்பதை அம்மா விடவில்லை. இருட்டிலேயே பஸ் ஏறுகிறாள். முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. அந்த பஸ்ஸை நிறுத்த வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அம்மா ஒருவழியாகச் சம்மதித்தாள். ஆனால் பால் காய்ச்சாமல் பையை உள்ளே வைக்க மாட்டாள். பொங்கி வழிய வேண்டும். அதுவும் விடியற்காலை நல்ல நேரத்தில்.

எங்கள் சோதனைகள் எல்லாம் வெயில் ஏறிய பிறகு செய்தவை. வெயிலை நம்பும் வீட்டில் பேட்டரி மிகவும் இளைத்திருப்பது விடியற்காலையில்தான். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் பாலோடு சேர்த்து யோசிக்கவில்லை. முந்தைய நாள் முழுக்க மேகமூட்டம் வேறு. மரங்களுக்கு நடுவே காற்றாடி அசையவே இல்லை.

கரண்ட் அடுப்பில் பால் நுரைத்து விளிம்புக்கு வந்தது. டிக் என்று ஒரு சத்தம். அடுப்பு, விளக்கு, மின்விசிறி எல்லாம் நின்றன. பால் அடங்கியது. பேட்டரி கெடாமல் இருக்க, அந்த அளவில் எல்லாம் நிற்கும்படி வைத்தவள் நான். அளவைக் கொஞ்சம் தளர்த்தி மறுபடி போட்டேன். மறுபடி டிக்.

“யக்கா, நா வேணா மேல ஏறி காத்தாடிய கையால சுத்தட்டா?” என்றார் பால் காய்ச்சுவதைப் பார்க்க வந்திருந்த எங்கள் வெல்டர்.

“சுத்து நைனா. நீ சுத்தி முடிக்கறதுக்குள்ள பாலு தயிராயிரும்” என்றாள் அம்மா.

“அப்போ பங்களா கிச்சன்ல கேஸ் கீது. அங்க பொங்க வுட்டு எடுத்தாந்துரலாமா?”

“அங்க பொங்கினா அது அவங்க வூடு.”

பிறகு என் பக்கம் திரும்பினாள். “வுடு. ஆத்தோரத்துல பொங்கி பொங்கித்தான் வழிஞ்சுது. அந்த வூட்டயே தூக்கிட்டானுங்க. இது தூக்கிக்கினு போறதுக்குன்னே கட்டினது. எனக்கு வாணாம்டி.”

கோபமாகச் சொல்லவில்லை. பாலில் சர்க்கரை போட்டு மூன்று டம்ளர்களில் ஊற்றினாள். குடித்தோம். பையை எடுத்துக்கொண்டு மயிலாப்பூர் வேலைக்கு பஸ் ஏறப் போய்விட்டாள்.

நான் பாத்திரத்தைக் கழுவினேன். அழுகை வரவில்லை. கொஞ்ச நேரத்தில் வெயில் வந்து பேட்டரி ஏறத் தொடங்கியது. யார் வீட்டு மீட்டரையோ பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது அந்த வீட்டில் மேற்கு மாம்பலத்திலிருந்து வந்த ஒரு தம்பதி குடியிருந்து பார்க்கிறார்கள். பெரிய பேட்டரி போட்டுவிட்டேன். நன்றாக இருக்கிறது என்று முதலாளியிடம் சொன்னார்களாம். அவர் சொன்னதும் தலையாட்டினேன். நல்ல வீடுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. சந்தோஷம் மட்டும் வரவில்லை.

மயிலாப்பூரில் அம்மா சமைக்கும் தெருவுக்கு அடுத்த சந்தில், தரைத்தளத்தில் ஓர் அறை வாடகைக்கு இருந்தது. நேற்று மாலை போய் அட்வான்ஸ் கொடுத்துச் சாவி வாங்கிவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.