றோஸ்மலர் சைக்கிளை விட்டு இறங்கிய இடம்

றோஸ்மலருக்கு ஐம்பத்து மூன்று வயது. லண்டன் நோர்பரியில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை செய்கிறாள். வீட்டு நடைவழியில், மாட்டியிருக்கும் கோட்டுகளுக்குக் கீழே, அவளுடைய சைக்கிள் சாய்ந்து நிற்கும். தடித்த டயர், வளைந்த ஹாண்டில். கடைக்காரன் அதைக் கிரவல் பைக், கல்பாதையில் ஓடுகிற சைக்கிள் என்று சொன்னபோது அவளுடைய கணவன் கஸ்பர் கடைக்குள்ளேயே சிரித்துவிட்டான்.

“கிரவல் ரோட்டுக்கெண்டு தனிச் சைக்கிளோ? அப்ப நாங்கள் பேசாலையில ஓடினது என்ன, கப்பலோ?”

இருவருக்கும் ஊர் இலங்கையில் மன்னார், பேசாலை. கலியாணம் கட்டிய கையோடு இத்தாலியில் பலெர்மோ போய், பிள்ளைகள் வளரும்வரை அங்கே இருந்தார்கள். இத்தாலியக் கடவுச்சீட்டு கிடைத்ததும், பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்தார்கள். பலெர்மோத் தமிழர் பலரும் அப்படி வந்தவர்கள்தான். பலெர்மோவில் றோஸ்மலர் ஒரு பணக்காரக் கிழவியைப் பராமரித்தாள். சமைப்பாள், குளிப்பாட்டுவாள், கிழவியின் பழைய காரில் அவளை டொக்டரிடமும் பூசைக்கும் கொண்டுபோவாள். உடுப்புக் காயப்போடும் பல்கனியிலிருந்து பார்த்தால் தெற்கே வரிசையாக மலைகள் தெரியும். தமிழர்கள் ஏறியது வடக்கே தனியாக நிற்கிற ஒரு மலையில் மட்டும்தான். உச்சியில் புனிதையின் குகைக்கோயில் இருக்கிற மலை. நேர்த்தி வைத்தவர்கள் அதில் வெறுங்காலோடு ஏறுவார்கள். தெற்கே உள்ள மலைகளில் என்ன இருக்கிறது என்று யாரும் போய்ப் பார்த்ததில்லை.

லண்டனில் அவள் சைக்கிள் ஓடத் தொடங்கியது பஸ்ஸை நம்பமுடியாமல்தான். காலை ஷிப்டுக்குப் பிந்திப் போனால் கூட வேலை செய்கிற, இரவு ஷிப்டில் நின்ற துசியந்தி வீட்டுக்குப் போகமுடியாது. அந்தத் துசியந்திதான் பிறகு அவளைச் சனிக்கிழமைகளில் லண்டனின் தெற்கோரத்தில் கூல்ஸ்டன் பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றுகளுக்குச் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போனாள். றோஸ்மலருக்கு அது பிடித்துப்போயிற்று. ஏன் என்று கேட்டால், “ஏறேக்க ஒண்டும் யோசிக்க ஏலாது” என்பாள். அவ்வளவுதான்.

போன இலையுதிர்காலத்தில் ஓர் ஏற்றத்தில், எதிரே வந்த குதிரைக்கு இடம்விட்டு நின்றாள். திரும்ப ஏறும்போது பின்சில்லு சறுக்கியது. பக்கவாட்டில் விழுந்து தோளில் காறை எலும்பு உடைந்தது. குளிர்காலம் முழுவதும் கஸ்பர் சமைத்தான். அவளுக்குத் தலை பின்னிவிட்டான். பின்னல் எப்போதும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. எலும்பு பொருந்தியபின் அவள் மறுபடி ஓடினாள். ஆனால் ஏற்றத்தில் நின்றுவிட்டால் அதே இடத்தில் ஏறமாட்டாள். சமதரை வரும்வரை உருட்டிப்போய்த்தான் ஏறுவாள். இதை அவள் யாருக்கும் சொன்னதில்லை. சேறு பட்ட சப்பாத்தைப் பார்த்தே கஸ்பருக்குத் தெரிந்துவிடும்.

வசந்தத்தில், பலெர்மோவுக்குத் தெற்கே உள்ள அந்தக் காட்டுமலைகளில் சைக்கிள் ஓடவேண்டும் என்றாள். இரண்டு நாள் கழித்து அவன் ஒரு கண்டிசனோடு வந்தான்.

“நான் காரில பின்னால வருவன். ஏலாமல் போய்க் காரில ஏறினீரெண்டால், இஞ்ச வந்தவுடனே சைக்கிளை விக்கிறம். சம்மதமோ?”

“ஓம்.”

“பிறகு அழக்கூடாது.”

“விக்கேக்க நீங்கள்தான் அழுவியள். டயர் தேய்ஞ்ச சைக்கிளை ஆர் வாங்கிறது?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவன் சொன்னால் செய்பவன் என்பது அவளுக்குத் தெரியும்.

சைக்கிளோடு பலெர்மோவுக்குப் பறந்துபோனார்கள். பாதையின் முதற்பகுதி இலேசாக இருந்தது. பழைய ரயில்பாதையைத் தண்டவாளம் கழற்றிச் சமன் செய்திருந்தார்கள். இருபக்கமும் ஓக் மரங்கள். சிலவற்றில் தக்கைக்காகப் பட்டையை உரித்திருந்தார்கள். உரித்த இடம் செம்பழுப்பாக, தோல் போன காயம்போல இருந்தது. மஞ்சள் பூத்த முட்புதர்கள். எங்கோ மாட்டுமணி கேட்டது. பின்னால் கஸ்பர் வாடகைக் காரை முனகவிட்டுக்கொண்டு வந்தான். லண்டனில் அவன் ஓட்டுவது தானாகக் கியர் மாறுகிற ஒட்டோமற்றிக் கார். இது கியர் வண்டி. ஒவ்வொரு வளைவிலும் கியர் பல்லைக் கடிக்கும் சத்தம் அவளுக்குக் கேட்டது.

ரயில்பாதையை விட்டு மலையேறும் காட்டுப்பாதைக்குத் திரும்பியதும் கல் பெரிதாகியது. அவள் சீற்றில் பின்னுக்கு நகர்ந்தாள். எழுந்து நின்று மிதித்தால் பின்சில்லில் பாரம் குறைந்து சறுக்கும். இருந்தபடியே, முழங்கையை மடித்து, கண்ணுக்கு முன்னால் இருக்கிற கல்லையும் அதற்கு அடுத்த கல்லையும் மட்டும் பார்த்து ஏறவேண்டும். ஏறினாள். மூச்சு தொண்டைக்குள் உரசியது. வளைவு ஒன்று கடந்தது. இன்னொன்று கடந்தது.

மூன்றாவது வளைவுக்கு மேலே, பாதை மிகச் செங்குத்தாக நின்ற இடத்தில், கல்லால் கட்டிய சிறிய மாடமும் அதற்குள் மாதா சுரூபமும் இருந்தன. முன்னால் யாரோ பிளாஸ்டிக் ரோசாக்கள் வைத்திருந்தார்கள்.

றோஸ்மலர் இறங்கிவிட்டாள்.

பேசாலையில் மாதா சுரூபத்தைக் கடக்கும்போது யாரும் சைக்கிளில் இருந்தபடி போவதில்லை. இறங்கி, சிலுவை போட்டு, உருட்டிக்கொண்டு கடப்பார்கள். லண்டனில் அவள் அப்படிச் செய்ததில்லை. அங்கே தெருவில் மாதா நிற்பதில்லை. இங்கே மனம் யோசிக்கமுதல் கால் இறங்கிவிட்டது. சிலுவை போட்ட பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்தாள். மேலே ஏற்றம். கீழேயும் அதே சரிவு.

காரும் வந்து நின்றது. கஸ்பர் எஞ்சினை நிறுத்தினான். அவனும் சிலுவை போட்டான். இருவரும் ஒரு அருள்நிறைந்த மரியே செபம் சொல்லி முடித்தார்கள்.

“இறங்கிற்றீர்” என்றான் பிறகு.

“மாதாவுக்கு இறங்கினனான்.”

“அது பரவாயில்லை. கண்டிசன் காரில ஏறுறதுக்குத்தான். இப்ப சைக்கிளில ஏறும் பாப்பம்.”

அவள் ஏறினாள். பின்சில்லு ஒரு சுற்றுச் சுற்றிக் கல்லைக் கிளப்பியது. காலை ஊன்றித் தப்பினாள். இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை மிதியில் வைத்த காலை உடனே கீழே எடுத்தாள். உடைந்து பொருந்திய எலும்பை அவள் தன்னை அறியாமல் தொட்டுக்கொண்டாள்.

கஸ்பர் அதைக் கண்டான். பக்கத்துக் கதவை உள்ளிருந்து திறந்துவிட்டான். அவன் குரலில் இப்போது பகிடி இல்லை.

“காணும் றோசா, விடும். வந்து ஏறும்.”

அவள் திறந்த கதவைப் பார்த்தாள்.

“நீங்கள் மேல போய் நில்லுங்கோ” என்றாள். “நான் உருட்டிக்கொண்டு வாறன்.”

அவன் கதவைச் சாத்தி எஞ்சினைப் போட்டான். கிளச்சை விட்டான். முன்சில்லுகள் கல்லை வாரி இறைத்தன. கார் முன்னுக்குப் போகவில்லை. அக்சிலேற்றரை இன்னும் அமத்தினான். எரிந்த நாற்றம் வந்தது. கார் மெல்லப் பின்னுக்குச் சறுக்கி, பள்ளப்பக்கம் திரும்பி, பின்சில்லு பாதையின் விளிம்பில் வந்து நின்றது.

“றோசா! பிரேக்கில இருந்து காலை எடுக்கட்டோ?”

“எடுக்காதேங்கோ!”

சைக்கிளை மாடத்துச் சுவரில் சாத்திவிட்டு ஓடினாள். பெரிய கல் ஒன்றைச் சில்லுக்குப் பின்னால் அண்டை கொடுத்தாள்.

“ஹாண்ட்பிரேக்கை இழுங்கோ. இன்னும் இழுங்கோ. இப்ப மெல்ல இறங்குங்கோ.”

கஸ்பர் இறங்கினான். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. அவள் ஓட்டுநர் கதவைப் பிடித்தாள்.

“ஏறப்போறீரோ?” என்றான். இரண்டு பேருக்கும் கண்டிசன்தான் நினைவுக்கு வந்தது.

“ஏறாமல்? கார் பள்ளத்துக்க போனால் எயாப்போட்டுக்கு எப்பிடிப் போறது? சைக்கிளில டபிள்ஸோ?”

ஏறினாள். கியர் தடியில் கை வைத்ததும் கிழவியின் காரில் பலெர்மோவின் ஒடுங்கிய சந்துகளில் பின்னுக்கு எடுத்த பழக்கம் வந்தது. கஸ்பர் கல்லை உதைத்து விலக்கி, இரண்டு கைகளாலும் சைகை காட்டினான். எல்லாம் பிழையான சைகை. அவள் பார்க்கவில்லை. கண்ணாடியை மட்டும் பார்த்து, பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்து, வளைவில் பாதை சமமாக இருந்த இடம்வரை பின்னுக்கு இறக்கினாள். எஞ்சினை நிறுத்தித் திறப்பை அவன் கையில் கொடுத்தாள்.

பிறகு சைக்கிளிடம் நடந்தாள்.

மேல்நோக்கி ஏறாதே, பாதைக்குக் குறுக்காகச் சைக்கிளை வைத்து ஏறு என்று துசியந்தி பலமுறை சொல்லியிருக்கிறாள். அவள் செய்துபார்த்ததில்லை. குறுக்காக நிற்பது விழப்போவதுபோலவே இருக்கும். இன்று மலைப்பக்கத்து மண்சுவரை நோக்கிச் சைக்கிளைத் திருப்பினாள். இரண்டு பிரேக்கையும் பிடித்தாள். ஒரு கால் மிதியில். விட்டாள். சில்லு பிடித்தது. சுவரில் முட்டமுதல் ஹாண்டிலை மேலே திருப்பினாள். மிதித்தாள். அதற்குப் பிறகு கல்லும் அடுத்த கல்லும்தான்.

கீழே நின்ற கஸ்பர் அவள் மேலே அடுத்த வளைவில் மறையும்வரை பார்த்தான்.

அவள் திரும்பி இறங்கி வந்தபோது அவன் அவளுடைய குளிர் ஜாக்கெட்டைத் தோளில் போட்டுக்கொண்டு பாதிவழி நடந்து ஏறியிருந்தான். ஒரு கல்லில் குந்தி மூச்சு வாங்கினான்.

“மேல என்ன இருக்கு?”

“காட்டுத்தீ பாக்கிற டவர் ஒண்டு. ஒரு நாய்.”

“அவ்வளவுதானோ?”

“அவ்வளவுதான்.”

ஜாக்கெட்டை வாங்கிப் போட்டாள். வியர்வை குளிரத் தொடங்கியிருந்தது.

“காரில ஏறிற்றன்தானே” என்றாள். “விக்கிறதெண்டால் வில்லுங்கோ. நான் பேசமாட்டன்.”

கஸ்பர் சப்பாத்தைக் கழற்றி உள்ளே போன கல்லைத் தட்டிக் கொட்டினான்.

“நீர் களைச்சுப்போய் ஏறுவீரெண்டுதான் கண்டிசன் வைச்சனான்” என்றான். “நான் பயந்துபோய் இறங்கிறதுக்கு ஒண்டும் வைக்கேல்லை.”

“அப்ப?”

“நிக்கட்டும் சைக்கிள். ஆனா இனி நான் பின்னால வரேல்லை. துசியந்தியைக் கூட்டிக்கொண்டு போம்.”

“அவளுக்குக் கார் ஓடத் தெரியாது.”

“அதுதான் நல்லது” என்றான் கஸ்பர்.