குருவி எட்டு வைத்த கதை

எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் குடியிருக்கும் சுமைதூக்கும் தொழிலாளியை, அவர் வேலை பார்க்கும் மரச்சாமான் கிடங்கில் ‘கிரேன்’ என்று அழைப்பார்கள். இரட்டைக் கதவு அலமாரியை முதுகில் ஏற்றிக்கொண்டு மாடிப்படி ஏறி, சுவரில் ஒரு கீறல் விழாமல் இறக்கி வைப்பவர் என்பதால் வந்த பெயர். நாளடைவில், கோபம் வரும்போது அவர் மனைவியும் அப்படியே அழைக்கத் தொடங்கிவிட்டார்.

அவர்களுக்கு ஒரே மகள். டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்தவள். வீட்டில் அவளுக்குக் குருவி என்று பெயர். இத்தகைய குழந்தைகளுக்குத் தசைகளில் முறுக்கு குறைவு, மூட்டுகளும் தளர்வாக இருக்கும். ஆகையால் உட்காருவதும் நிற்பதும் நடப்பதும் தாமதமாகவே வரும். நான்கு வயதை நெருங்கியபோது குருவி கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், பக்கவாட்டில் நகர்வாள். ஆனால் பிடியை விட்டு ஓர் அடி எடுத்து வைக்கமாட்டாள்.

தாய் சலவையகத்தில் இஸ்திரி போடுபவர், விடிந்ததும் கிளம்பிவிடுவார். கிடங்கு வேலை நண்பகலுக்கு மேல்தான் என்பதால், காலைப் பொழுது முழுவதும் குருவி தந்தையின் பொறுப்பு. அருகிலிருந்த சிறுவர் பள்ளியின் தலைமையாசிரியை இரக்கமுள்ளவர். எனினும் ஒரு நிபந்தனை வைத்தார்.

“தாராளமா சேர்த்துக்கிறேங்க. ஆனா எங்கிட்ட இருக்கிறது ஒரே ஒரு ஆயாம்மா. வகுப்பிலேருந்து பாத்ரூம் வரைக்கும் பிள்ளை தானா நடந்து போகணும். லீவு முடிஞ்சதும் கூட்டிட்டு வந்து காட்டுங்க.”

மற்றக் குழந்தைகளோடு மகள் உட்காரவேண்டும் என்பதைத் தவிர அந்த மனிதருக்கு அப்போது வேறு நினைப்பே இல்லை.

குருவியின் நடைப் பயிற்சி நடந்தது பொது மருத்துவமனையின் பின்கட்டிலுள்ள ஒரு நீண்ட அறையில். தரையெங்கும் நீல மெத்தைகள்; மூலையில் குழந்தைகளைவிடப் பெரிய ரப்பர் பந்துகள். அவற்றின் காரணமாகவே அங்கிருந்த இயன்முறை மருத்துவரைப் பிள்ளைகள் ‘பந்தக்கா’ என்று அழைத்தனர். அவர் குருவியைப் பந்தின்மேல் அமர்த்தி, இடுப்பைப் பிடித்து மெல்ல அசைப்பார். தலையணைகளின்மேல் ஏறி இறங்க விடுவார். குட்டி முக்காலியில் உட்கார்ந்தபடி தரையில் கிடக்கும் மரக்கட்டையைக் குனிந்து எடுத்து, எழுந்து நின்று கூடையில் போடச் செய்வார். கால்கள் உறுதிப்பட்டு வந்தன. ஆனால் எதிரே அமர்ந்து “வா, வா” என்று அழைத்தால் மட்டும், குருவி இரு கைகளையும் உயர்த்திவிட்டுத் தொப்பென்று உட்கார்ந்துவிடுவாள்.

“பிடிவாதம், டாக்டரம்மா. அவங்கம்மா மாதிரி” என்றார் தந்தை.

பயிற்சி முடிந்து தந்தை புறப்படுவதைப் பந்தக்கா கதவருகே நின்று கவனித்தார். தந்தை குனிந்து கைகளை நீட்டி “வாடா தங்கம்” என்றார். குருவி கைகளை உயர்த்தினாள். அடுத்த நொடி அவள் அவர் தோளில் இருந்தாள்.

“ஒரு நிமிஷம் நில்லுங்க!” பந்தக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அவளுக்கு ‘வா’ன்னா நடந்து வான்னு அர்த்தமே கிடையாதுங்க. ‘இரு, தூக்கிக்கிறேன்’னு அர்த்தம். பிடிவாதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க கத்துக்கொடுத்த தமிழ்ல அவ ரொம்பக் கெட்டி.”

மகளை இறக்கி விடுவதா வைத்துக்கொள்வதா என்று கிரேனுக்கு விளங்கவில்லை.

அன்று மாலை வீட்டில் புதிய சொல் ஒன்றைத் தேடும் படலம் நடந்தது. ‘போ’ என்று சொல்லலாம் என்றார் கணவர்.

“பெத்த பிள்ளையைப் பார்த்துப் ‘போ’ன்னு சொல்ல வாய் வருமாய்யா உனக்கு?” என்று மனைவி சீறினார். கடைசியில் ‘எட்டு வை’ என்பது முடிவாயிற்று. மறுநாளே அது ‘எட்டு’ என்று சுருங்கியது. கட்டிலின் ஓரத்தில் மகளை நிறுத்திவிட்டு, தந்தை எதிர்ச் சுவரோரம் தம் கைகளின்மேலேயே அமர்ந்துகொள்வார். வெளியே எடுத்துவிட்டால் அவை தாமாகவே நீண்டுவிடும் என்று அவருக்குப் பயம்.

“எட்டு... எட்டு... இன்னொரு எட்டு!”

மாடிவீட்டு அம்மாள் படியிறங்கி வந்து எட்டிப் பார்த்தார். “என்ன தம்பி, விடிஞ்சதிலேருந்து எட்டு எட்டுன்னு ஏலம் விடுறே? ஒம்போது கேக்க ஆளே வரலையா?”

“வருவா அக்கா. கொஞ்சம் மெதுவா வருவா.”

முதலில் ஓரடி வந்தது, பிறகு இரண்டு. விழுந்தபோதெல்லாம் அவர் எழுந்திருக்கப் பார்ப்பார்; மனைவி இருந்தால் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பார். தானாக எழும் வித்தையைப் பந்தக்கா ஏற்கெனவே பழக்கியிருந்தார். விடுமுறை முடிவதற்குள் குருவி அறையைக் கடக்கத் தொடங்கியிருந்தாள். ஆனாலும் அது தன் வீடு, தன் கட்டில். புதிய இடத்தில் என்ன செய்வாளோ என்ற கவலையோடுதான் தந்தை அவளைப் பள்ளிக்கு அழைத்துப் போனார்.

பள்ளியின் நடைபாதை வழவழப்பானது. தலைமையாசிரியை வகுப்பு வாசலில் நின்றார். குருவி சுவரை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள். கால்களை அகட்டி வைத்து, வாத்தைப் போல் அசைந்தசைந்து நடந்தாள். பாதி வழியில் கால்மிதியின் விளிம்பு தடுக்கி முன்புறமாக விழுந்தாள். உதடு பிதுங்கியது. தந்தையைத் திரும்பிப் பார்த்து இரு கைகளையும் உயர்த்தினாள்.

அலமாரியை அநாயாசமாகச் சுமப்பவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அதற்குள் தலைமையாசிரியை பதறிப்போய்க் குனிந்தார்.

“தூக்காதீங்க டீச்சர்!” தந்தை கத்திவிட்டார். உடனே குரல் இறங்கியது. “மன்னிச்சுக்கோங்க. அவளுக்கு எந்திரிக்கத் தெரியும். கொஞ்சம் நேரம் குடுங்க.”

உயர்ந்த கைகள் சிறிது நேரம் அப்படியே நின்றன. யாரும் வரவில்லை என்பது உறுதியானதும், குருவி அலுத்துக்கொள்வதைப்போல் ஏதோ முனகினாள். உள்ளங்கைகளைத் தரையில் ஊன்றினாள். பின்புறத்தைக் கூரையை நோக்கி உயர்த்தினாள். ஒரு கையை எடுத்து, மறு கையையும் எடுத்து நிமிர்ந்தாள். பிறகு எவரையும் பொருட்படுத்தாமல் பாத்ரூம் வரை நடந்து, தாழ்வாக அமைந்திருந்த கைகழுவும் தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டு, சட்டை நனைய நனையச் சிரித்தாள்.

“ஆயாம்மா, குழாயை மூடுங்க!” என்றார் தலைமையாசிரியை. அவர் தந்தையின் பக்கம் திரும்பினார். “திங்கட்கிழமை கொண்டு வந்து விட்டுடுங்க.”

திரும்பும் வழியில் குருவி ஒவ்வொரு வீட்டுக் கதவின் கம்பியையும் தொட்டுப் பார்க்கவேண்டும் என்றாள். அவர் பின்னால், அவளுடைய வேகத்திலேயே வந்தார். வீடு வந்து சேர்ந்தபோது அடுப்பில் வைத்துவிட்டுப் போன சோறு ஆறியிருந்தது. கிடங்குக்குப் போகவேண்டிய நேரமும் தாண்டிவிட்டிருந்தது. அவர் அவசரப்படவில்லை. வாசற்படியில் ஏற எந்தக் காலை முதலில் வைப்பது என்று மகள் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள்.