பெற்றோரிடம் அனுமதி கேளுங்கள்

வங்கி வேலையை விட்டுவிட்டு நாற்பத்தாறு வயதில் தமிழாசிரியர் பயிற்சியில் சேர்ந்தேன். உடன் பயின்ற பிரகாஷ் என் மகனுக்கு அண்ணன் போல இருப்பான். "ஸ்லைட் மட்டும் போதாதுக்கா. பிள்ளைங்க டைப் பண்றது உடனே ஸ்கிரீன்ல வரணும் லா," என்பான். எனக்கோ திரை என்றாலே பயம். உயர்நிலை மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகன் கவினின் லேப்டாப்பை எப்படிப் பூட்டுவது என்பதில்தான் என் தொழில்நுட்ப ஆர்வமெல்லாம்.

மேற்பார்வையாளர் திருமதி கமலா என் பாடத்தைப் பார்வையிட வந்தார். தேறாவிட்டால் பள்ளிப் பயிற்சியை மறுபடி செய்ய வேண்டும். ஸ்லைடுகள் ஒழுங்காக ஓடின. மாணவர்கள் கருத்து எழுதும் இணையப் பலகையைத் திறந்தேன். திரை முழுக்க நீலம். "இது படிக்கும் நேரம். பெற்றோரிடம் அனுமதி கேளுங்கள்."

அன்று காலை மார்சிலிங் வட்டாரத்தில் இருக்கும் வீட்டிலிருந்து கிளம்பும் அவசரத்தில்தான் கவினின் லேப்டாப்புக்கு, படிக்கும் நேரத்தில் இணையத்தைத் தடுக்கும் பூட்டுச் செயலி போட்டிருந்தேன். எங்கள் இருவருடைய லேப்டாப்பும் ஒரே மாதிரி. என்னுடையதைப் பூட்டியிருக்கிறேன்! திறப்பதற்கான கைபேசி ஆசிரியர் அறையில்.

"டீச்சர், உங்க அம்மாவுக்கு கால் பண்ணுங்க!"

"பாவம் லா, டீச்சரும் மாட்டிக்கிட்டாங்க!"

கமலா தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். பதற்றத்தில், "இது யார் யார் வீட்டுல இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். பாதி வகுப்பு கை தூக்கியது. எதற்கும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லும் திவ்யா எழுந்தாள்.

"பூட்டுறது ஓகே டீச்சர். ஆனா எங்கம்மா ஏன்னு சொல்லவே இல்ல. நான் என்ன தப்பு பண்ணேன்?"

நானும் கவினிடம் காரணம் சொன்னதில்லை.

இணையப் பலகையைக் கைவிட்டேன். ஒருவர் பெற்றோர், ஒருவர் பிள்ளை என்று நடித்து இந்தப் பூட்டைப் பற்றி இருவர் இருவராகப் பேசி, தங்கள் கருவிகளிலேயே பதிவு செய்யச் சொன்னேன். மணி அடித்த பிறகும் தமிழில் சண்டை ஓயவில்லை.

"பாஸ்தான்," என்றார் கமலா. "அடுத்த தடவ கிளாஸுக்கு முன்னாடியே ஒரு முறை போட்டுப் பாருங்க. உங்கம்மாகிட்டயும் கேட்டுக்குங்க."

கதையைக் கேட்டு வீட்டில் கவின் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்ததும், "ராத்திரியெல்லாம் நீ முழிச்சிருக்கிறதப் பாத்தா பயமா இருக்குடா," என்றேன்.

"இத அப்பவே சொல்லியிருக்கலாம்லம்மா."

இருவரும் உட்கார்ந்து லேப்டாப்பை எப்போது பூட்டுவது என்று நேரத்தை முடிவு செய்தோம்.

புதிதாகப் பயிற்சிக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எதையும் வகுப்புக்கு முன் இயக்கிப் பாருங்கள், பூட்டினால் காரணத்தைச் சொல்லுங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று, என் லேப்டாப்புக்கு அனுமதி தரும் பெற்றோராகக் கவினைச் சேர்த்திருக்கிறேன்.