வெந்நீரில் விரிந்த பூ

தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும் இலை அது. எத்தனை முறை கழுவினாலும் அதன் வாடை போகாது. மலையிலிருந்து லாரியில் உருளைக்கிழங்கு ஏற்றிவரும் அப்பா, எங்கள் திண்டுக்கல் வீட்டின் கொல்லையில் சாக்குகளை உதறிய இடத்தில் தானாக முளைத்து, ஊதா நிறத்தில் புனல்போலப் பூத்தது. பெயர் யாருக்கும் தெரியாததால் எங்களுக்கு அது "சாக்குச்செடி". முதல் பூவை நான் தமிழ்ப் புத்தகத்துக்குள் வைத்து மூடியிருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம், எனக்கு ஒன்பது வயது. ஒருநாள் காலை சோறு பொங்கி விளையாடும்போது அந்த இலையைக் கிள்ளி, "கீரை வெஞ்சனம்" என்று மூன்று வயதுத் தம்பிக்கு ஊட்டினேன். சமர்த்தாக மென்று விழுங்கினான். மத்தியானம் அவனுக்கு உடம்பு கொதித்தது. கண் செருகி என்னென்னவோ பேச ஆரம்பித்தான்.

"ஊமத்தங்காயத் தின்ன பிள்ளையாட்டம்ல உளறுறான்" என்றாள் அம்மா.

காலையில் ஊட்டிய இலை எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சாக்குச்செடியின் பூவும் ஊமத்தம்பூவின் சாயல்தான். அம்மா ஈரத்துணியோடு அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருக்க, நான் கொல்லைக்குப் போய்ச் செடியை வேரோடு பிடுங்கி வெந்நீர் அடுப்பில் திணித்து, அது புகைந்து புகைந்து எரிந்து முடியும்வரை அங்கேயே நின்றேன். அப்புறமும் வாய் திறக்கவில்லை. தம்பி செத்துப்போவான் என்பதைவிட, என்னால்தான் செத்தான் என்று சொல்வார்களே என்றுதான் அதிகம் பயந்தேன். எழுதும்போது இப்போதும் கூசுகிறது.

சாயங்காலம் அவன் "அக்கா, கீரை" என்று முனகினான். அது உளறல் இல்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அதற்குமேல் தாங்கவில்லை. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு விஞ்ஞான டீச்சரிடம் ஓடி, எல்லாவற்றையும் கொட்டி அழுதேன். அவர் திட்டவில்லை. சருகாகிப்போன பூவை ஒரு கிண்ணம் வெந்நீரில் போட்டார். அது விரியட்டும் என்று காத்திருந்த நேரம்போல ஒரு நேரத்தை நான் பிறகு கண்டதில்லை. விரிந்ததும் ஊசியால் திருப்பிப் பார்த்தார்.

"ஊமத்தைன்னா பூவுக்கு அடியில பச்சையா நீளக் குழா இருக்கும். இது அஞ்சு விரலாப் பிரிஞ்சிருக்கு பாரு. மலையில பங்களாக்காரங்க தொட்டியில வைக்கிற பெட்டூனியா. விசமில்ல. இருந்தாலும் ஆசுபத்திரிக்குப் போவோம், வா."

குதிரைவண்டியில் போனோம். இலை விஷயத்தை டீச்சர் டாக்டரிடம் தனியாகச் சொன்னார். அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. மூன்றாம் நாள் தம்பிக்கு உடம்பெங்கும் அம்மை போட்டபோதுதான் காய்ச்சலின் காரணம் புரிந்தது.

அந்தக் கொல்லையும் வெந்நீர் அடுப்பும் இன்று இல்லை, டீச்சரும் இல்லை. பெட்டூனியாவோ எல்லா நர்சரியிலும் கிடைக்கிறது. போன மாதம் தம்பி தன் வீட்டு வாசலில் நாலு தொட்டி வாங்கி வைத்து, "அழகா இருக்குல்லக்கா" என்றான். அவனுக்கு எதுவும் நினைவில்லை. நான் தலையாட்டினேன். அது விஷச்செடியாக இருந்திருந்தால் நான் வாய் திறப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்பதை இன்னும் அவனிடம் சொல்லவில்லை.