மாலையில் மட்டும் திக்கிய திரை

என் அண்ணன் இல்போ முப்பது வருடம் தபால் வண்டி ஓட்டியவன். எங்கள் ஊர் ஹியட்டவாராவைச் சுற்றி இருநூற்றுப் பத்துத் தபால் பெட்டிகள். எந்தப் பெட்டியின் மூடி பனியில் இறுகிக்கொள்ளும், எந்த வீட்டு நாய் சக்கரத்தைத் துரத்தும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. வாரம் முழுக்க ஓட்டியது போதாதென்று சனி ஞாயிறுகளில் காட்டுப் பாதையில் ராலி என்னும் கார்ப் பந்தயம் வேறு. பக்கத்து இருக்கையில் அவன் தங்கை தைனா, அதாவது நான். மடியில் நோட்டை வைத்துக்கொண்டு "இடது நாலு, அறுபது மீட்டர், மேடு, வலது மூணு, உள்ள வெட்டாதே" என்று வரப்போகும் வளைவுகளை வாசிப்பது என் வேலை. பதினோரு வருடம் வாசித்தேன். இரண்டு முறை பள்ளத்தில் தலைகீழாகத் தொங்கியிருக்கிறோம். தொங்கிக்கொண்டே "நோட்டு பத்திரமா இருக்கா?" என்று கேட்ட மனுஷன் அவன். நான் பத்திரமா என்று கேட்கத் தோன்றவில்லை பாருங்கள்.

போன ஏப்ரலில், தபால் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவனுக்குப் பக்கவாதம் வந்தது. வண்டியை ஓரம் கட்டி, அபாய விளக்கைப் போட்டுவிட்டுத்தான் சாய்ந்தான். இடது கை விழுந்துவிட்டது. கோடை முழுக்கப் பயிற்சி செய்து, செப்டம்பரில் காப்பிக் கோப்பையை அந்தக் கையாலேயே தூக்கினான். ஆனால் காஜானி ஆஸ்பத்திரியில் சோதனை ஓட்டம் முடிந்து டாக்டர் கையெழுத்துப் போடும்வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்றார்கள். நவம்பர் கடைசி வியாழக்கிழமை என்று நாள் குறித்தார்கள்.

குளிர்காலத்தில் எங்கள் மோட்டார் கிளப் கணினியில் ராலி நடத்தும். அவரவர் வீட்டுச் சமையலறைதான் களம். இருந்தாலும் செயலாளர் கௌக்கோ நிஜப் பந்தயத்தின் சட்டம் ஒன்றையும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஒவ்வொரு ஜோடிக்கும் புறப்படும் நிமிடம் உண்டு, தாமதமானால் தண்டம். விளையாட்டுக்குள்ளேயே வழி சொல்லும் குரலை அணைத்துவிட்டு, மனுஷர்தான் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டு வாசிக்க வேண்டும். வாசிப்பவர் தலை நிமிரக் கூடாது. நிமிர்ந்தால் வரி தப்பும், வரி தப்பினால் மரம். பதினோரு வருடப் பழக்கத்தில் என் கழுத்து தானாகவே குனிந்துவிடும்.

மெர்வி அண்ணி அவனுக்காக ஒரு நல்ல லேப்டாப் வாங்கித் தந்தாள். மேசையில் ஸ்டியரிங்கை இறுக்கிக் கட்டி, கீழே விறகுப் பெட்டியை முட்டுக்கொடுத்து பிரேக், ஆக்ஸிலரேட்டர் மிதிகளை வைத்தோம். சனிக்கிழமைக் காலைகளில் பயிற்சி. அப்படி ஓட்டுவான், எனக்கே புல்லரித்துப்போகும். பழைய இல்போ!

வெள்ளிக்கிழமை மாலைதான் பந்தயம். அதில் முதல் மூன்று வாரமும் பள்ளத்தில்தான் விழுந்தோம்.

"பாக்குறது ஒண்ணு, நடக்குறது ஒண்ணா இருக்கு தைனா," என்றான் மூன்றாம் வாரம். கை ஸ்டியரிங்கிலேயே கிடந்தது. "வளைவு வருது, நின்னுடுது, அப்புறம் பாத்தா நான் மரத்துக்குள்ள இருக்கேன். மூளை திக்குது."

"காலையில நல்லாத்தானே ஓட்டுற?"

"அதான் ஆஸ்பத்திரியில எழுதியே குடுத்திருக்காங்களே. சாயங்காலம் ஆனா மூளை களைச்சுப்போகும், எல்லாம் மெதுவாகும்னு."

எழுதிக் கொடுத்திருந்தது உண்மைதான். அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியே வைத்திருந்தான். எனக்கு அதைக் கிழித்து அடுப்பில் போடலாம் போல ஆத்திரம் வந்தது.

நான்காம் வெள்ளிக்கிழமை நான் போனபோது ஏலக்காய் பன் மேசையில் இருந்தது, ஒருவரும் தொடவில்லை. அண்ணியின் கண் சிவந்திருந்தது.

"திங்கக்கிழமை காஜானிக்கு போன் பண்ணி வேணாம்னு சொல்லப்போறாராம்," என்றாள்.

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "ஏன்டா அண்ணே, பொம்மைக் கார் பள்ளத்துல விழுந்ததுக்கா நிஜக் காரை விடுவே?"

"பொம்மைக் கார்ல மரம்தான் நிக்குது," என்றான் அவன், குரல் ஏறாமல். "என் ரூட்ல பெட்டிகிட்ட குழந்தைங்க நிக்கும். நாலு மணிக்கே இருட்டு. என் மூளை ஒரு நொடி நின்னா என்ன ஆகும்? நீ சொல்லு."

அவன் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் என்னை அழவைத்தது. ஓட்டாத இல்போவை எனக்குக் கற்பனை செய்யத் தெரியவில்லை.

"இன்னிக்குப் பேர் குடுத்தாச்சு. கௌக்கோவ ஏமாத்த வேணாம். இதோட முடிச்சுக்கலாம்," என்று உட்கார்ந்தான். எங்கள் நிமிடம் ஆறு நாற்பத்திரண்டு. ஆறேகாலுக்கு ஒரு பழகு ஓட்டம் போட்டோம். நான் குனிந்து வாசிக்க ஆரம்பித்தேன்.

"வலது அஞ்சு, நாப்பது, மேடு, இடது ரெண்டு..."

ஐந்தாறு வரி போனதும் ஏதோ உறுத்தியது. என் குரல் எனக்கே சாதாரணமாகக் கேட்டது. காலைப் பயிற்சியில் அப்படிக் கேட்காதே! அந்த லேப்டாப்பின் விசிறி தூசி உறிஞ்சும் இயந்திரம் மாதிரி இரையும். தொண்டை கிழியக் கத்தினால்தான் அவன் காதில் விழும். இப்போது கடிகாரம் டிக் டிக் என்பது கூடக் கேட்டது.

வாசிப்பதை நிறுத்திவிட்டு, பதினோரு வருடத்தில் முதல் முறையாக, வண்டி ஓடும்போது தலை நிமிர்ந்தேன்.

திரையில் சாலை வந்தது, நின்றது. மறுபடி வந்தது, நின்றது. பிறகு ஒரே தாவலில் மரம்.

"அண்ணே! எனக்கும் திக்குதே! எனக்கும் வாதம் வந்துடுச்சா?"

"என்ன உளர்ற?"

"அண்ணி, ஓடி வாங்க! இதைப் பாருங்க, நிக்குதா ஓடுதா?"

அண்ணி வந்து பார்த்தாள். "நின்னு நின்னுதான் போகுது. இது எப்பவும் இப்படித்தானே?"

"எப்பவுமா? யாராவது வாயத் தொறந்து சொன்னீங்களா? நல்ல குடும்பம் போங்க!"

லேப்டாப்பைச் சுற்றிப் பார்த்தேன். மின்கம்பி செருகித்தான் இருந்தது, ஆனால் முனையில் எரிய வேண்டிய சிறு விளக்கு எரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டே சுவர் வரை தவழ்ந்தேன். அங்கே பிளக்குக்கும் சுவருக்கும் நடுவில் அண்ணியின் வெள்ளை ஸ்விட்ச் கட்டை.

இங்கே மின்சாரத்தின் விலை மணிக்கு மணி மாறும். போனில் அதைப் பார்த்துத்தான் சவுனா என்னும் நீராவிக் குளியலறைக்குச் சூடு போடுவோம், துணி துவைப்போம். அண்ணி ஒரு படி மேலே போய், விலை ஏறும் மணியில் தானாக அணைந்துகொள்ளும் கட்டையை வீடெங்கும் செருகி வைத்திருந்தாள். மாலை ஐந்திலிருந்து எட்டு வரை அந்த மூலையில் மின்சாரமே வராது. பேட்டரி இருப்பதால் லேப்டாப் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. யாருக்குத் தெரியும்?

அண்ணி முகம் வெளிறியது. "ஐயோ, நானா? மூணு வாரமா நானா இதைப் பண்ணேன்?"

"அழுறதெல்லாம் அப்புறம் அண்ணி. காப்பி மெஷினைப் பிடுங்குங்க!"

காப்பி இயந்திரத்தின் இடத்தில் செருகினோம். விளக்கு எரிந்தது. திரை இன்னும் திக்கியது! மணி ஆறு இருபத்தெட்டு. கௌக்கோவுக்கு போன் போட்டேன்.

"உன் லேப்டாப்புல ரெண்டு கிராபிக்ஸ் கார்டு இருக்கும்," என்றார் அவர். "ஒண்ணு சின்னது, கரண்டை மிச்சம் பிடிக்கிறது. இன்னொண்ணு விளையாட்டுக்குன்னே வச்ச பெருசு. எதை எடுக்கணும்னு சொல்லாம விட்டா, கரண்டுல பெருசை எடுக்கும், பேட்டரிக்கு மாறினா சின்னதைப் பிடிச்சுக்கும், அப்புறம் கரண்டு வந்தாலும் லேசுல விடாது. செட்டிங்ஸ்ல டிஸ்ப்ளே, அதுக்குள்ள கிராபிக்ஸ். விளையாட்டைச் சேர்த்து, 'ஹை பர்ஃபார்மன்ஸ்'னு வை. அப்புறம் எப்பவும் பெருசுலதான் ஓடும்."

வைத்தேன். விளையாட்டை மூடித் திறந்தேன். திக்கியது.

"உயிரை வாங்காதீங்க கௌக்கோ, ஒண்ணும் மாறல!"

"எதைச் சேர்த்த? பேரைப் படி."

படித்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டது போனிலேயே கேட்டது. "அது வெறும் லாஞ்சர்டி தாயே! கதவைத் திறந்துவிட்டுப் போயிடும். உள்ள ஓடுறது வேற ஃபைல். விளையாட்டோட ஃபோல்டருக்குள்ள போய் அதைப் பிடி."

"எங்களுக்கு ரெண்டு நிமிஷம் கூடக் குடுங்களேன்."

"ஆறு நாப்பத்திரண்டுன்னா ஆறு நாப்பத்திரண்டு," என்று வைத்துவிட்டார். கல்நெஞ்சக்காரர்.

ஃபோல்டரைத் திறந்து, அந்த இன்னொரு பெயரைத் தேடிப் பிடித்துச் சேர்த்தேன். ஆறு நாற்பதுக்கு விளையாட்டு திறந்தது. விசிறி சீறிக்கொண்டு கிளம்பியது. அந்த இரைச்சலைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"கத்துடி!" என்றான் அண்ணன்.

கத்தினேன். பதினான்கு கிலோமீட்டர் தொண்டை கிழியக் கத்தினேன். அவன் என் சொல்லை வாங்கி வாங்கித் திருப்பினான். இடது கை ஒரு வளைவில் கூடப் பிந்தவில்லை. பதினாறு ஜோடிகளில் ஒன்பதாவதாக வந்தோம். பள்ளம் இல்லை, மரம் இல்லை.

முடிந்ததும் அவன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது.

"நான் இல்ல," என்றான். "மெர்வி, அது நான் இல்ல."

"நான்தாங்க," என்று அண்ணி விக்கினாள். "அந்தப் பாழாப்போன கட்டை." அவன் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டு சிரித்தான், அழுதான். நானும் வெட்கமில்லாமல் சேர்ந்து அழுதேன். திங்கட்கிழமை அவன் போன் பண்ணவில்லை.

வியாழக்கிழமை காஜானிக்கு நான்தான் காரோட்டிக் கூட்டிப்போனேன். சோதனை ஓட்டம் ஒரு மணி நேரம், அப்புறம் டாக்டரின் அறை. எனக்குக் காத்திருக்கப் பொறுமை கிடையாது. கட்டிடத்துக்குள் இருக்க முடியாமல் காரிலேயே போய் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பனி பெய்தது. கடைசியில் கதவு திறந்து அவன் வந்தான். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. பக்கத்து இருக்கைக்குப் போகாமல் என் கதவருகே வந்து நின்று, கண்ணாடியில் தட்டினான்.

"என்ன சொன்னாங்க?" என்றேன்.

"இறங்கு," என்றான். "அந்தப் பக்கம் போய் உக்காரு."

இறங்கினேன். சுற்றிப் போய் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டேன். வீடு வரை அவன்தான் ஓட்டினான்.