முப்பத்திரண்டாவது மூட்டு

பிற்பகல் மூன்று பத்துக்குப் போன் வந்தது. என் கண்ணாடிக் கடையில் ஒருவருடைய கண்ணை அளந்துகொண்டிருந்தேன். அவர் இடது கண்ணைக் கையால் பொத்தி, எதிர்ச் சுவரில் இருந்த எழுத்துகளை வலது கண்ணால் படித்துக்கொண்டிருந்தார். போனில் பேசியது எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.

"கண்ணாடி, நம்ம டங்கு போயிட்டான்மா."

"எங்க போயிட்டாரு?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் புரிந்தது.

பட்டறையில் மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தாராம். வெல்டிங் முகமூடி நெற்றிக்கு மேலே தூக்கி விட்டபடி இருந்ததாம். தூங்குகிறார் என்று நினைத்துப் பக்கத்து லேத்காரர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். மூன்றாம் முறை தோளைத் தொட்டபோது உடம்பு குளிர்ந்திருந்தது.

எனக்கு முன்னால் இருந்தவர் இன்னும் ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டுதான் இருந்தார். "அடுத்த வரி படிங்க" என்றேன். அவர் படித்தார். முடித்துச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

டங்கு வெல்டர். தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பெரியவர்களுக்கு டங்கு, குழந்தைகளுக்கு டங் மாமா. எதைப் பார்த்தாலும் இடுப்பில் செருகியிருக்கும் சின்னச் சுத்தியலை எடுத்து ஒரு தட்டு தட்டிக் காதைச் சாய்ப்பார். மாடிப்படிக் கைப்பிடி, ஜன்னல் கம்பி, தண்ணீர்த் தொட்டியின் தாங்கு கால் எதையும் விடமாட்டார். "டங்"கென்று மணி போல ஒலித்தால் தலையாட்டுவார். "டொக்" என்றால் அங்கேயே உட்கார்ந்துவிடுவார். ஒரு முறை டிரைவர் வீட்டு விருந்தில் நாற்காலியைத் தட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். "ஏம்ப்பா, என் வயித்தையும் ஒரு தட்டு தட்டிப் பாரு, உள்ள சரியா இருக்கான்னு" என்றார் டிரைவர். இவரும் தட்டினார். "மூட்டெல்லாம் சரி. சரக்குதான் ஓவர்லோடு."

எனக்கு அவர் பழக்கமானது கண்ணாடி போட வந்தபோது. சட்டை முழுக்கத் தீப்பொறி பட்ட ஊசித்துளைகள். தூரப் பார்வை கழுகு மாதிரி. கிட்டப் பார்வை போய்விட்டிருந்தது. "முன்னாடியே வந்திருக்கலாமேண்ணே" என்றேன். "கண்ணு ஏமாத்தும்மா. காதுதான் நமக்கு" என்றார். ஆனாலும் நான் செய்து கொடுத்த கண்ணாடியை முகமூடிக்கு உள்ளே போட்டுக்கொண்டுதான் கடைசி வரை வேலை செய்தார்.

தெருவுக்கு வந்த புதிதில் எனக்கு ஒன்று வேடிக்கையாக இருந்தது. ஊரில் பாதி வீட்டுக்கு கேட் செய்து கொடுத்தவர் வீட்டுக்கு கேட் கிடையாது. வாசலில் இரண்டு கல்தூண்கள், இடது தூணில் துருப்பிடித்த இரண்டு கீல்கள், நடுவே வெறும் இடைவெளி. ஒரு நாள் சிரித்துக்கொண்டே கேட்டும்விட்டேன். "டாக்டர் வீட்டுல மருந்து இல்லாத மாதிரி இருக்கேண்ணே." அவர் தூணை ஒரு முறை தொட்டுவிட்டு உள்ளே போனார். அதன் பிறகு கேட்கவில்லை.

தெருக்கோடியில் ஒரு காலி மனை பல வருடமாகக் குப்பை மேடாகக் கிடந்தது. பிள்ளைகள் வண்டி போகிற சாலையில் பந்து விளையாடினார்கள். ஒரு நாள் ஒரு வண்டி சடன் பிரேக் போட்ட சத்தத்தில் தெருவே வாசலுக்கு ஓடி வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று மாலையே டிரைவர் வீட்டு மாடியில் பத்துப் பேர் கூடினோம். மனைக்காரர் வெளியூரில் இருந்தார். போனிலேயே சரி என்றார். குப்பையை அள்ள ஒரு வாரம். மண் கொட்டி மட்டம் செய்ய இன்னொரு வாரம். இடித்த கட்டடத்தின் குழாய்கள், பழைய பஸ்ஸின் கைப்பிடிக் கம்பிகள், டயர்கள் என்று ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். சறுக்கு மரம் ஒன்று, ஏறுகம்பி ஒன்று, ஊஞ்சல் ஒன்று. பற்றவைக்க ஆள் வேண்டும். எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

"ஜன்னல் கம்பி வேணும்னா சொல்லுங்க. பிள்ளைங்க ஏறுற சாமான் நான் செய்யறதில்ல" என்றார்.

"என்னப்பா, உனக்கு மட்டும் சாமி வந்து பத்திரிகை வைக்கணுமா?" என்றார் டிரைவர்.

"வேற ஆளப் பாருங்க."

வேறு ஆளைப் பார்க்கவும் போனோம். மூன்றாம் நாள் காலையில் மனைக்குப் போனால், இவர் தரையில் உட்கார்ந்து குழாய்களை நீள வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். "எவனோ வந்து அவசரத்துல புள்ளி வெச்சிட்டுப் போவான். நானே செய்யறேன்" என்றார், யாரையும் பார்க்காமல்.

அவர் வேலை செய்யும் முறை இதுதான். முதலில் எல்லா மூட்டிலும் இரண்டு சின்னப் புள்ளிகள் வைத்து, சட்டகத்தை நிற்க வைப்பார். கோணல் இருந்தால் தட்டித் திருத்த அந்தப் புள்ளிகள் இடம் கொடுக்கும். பிறகு ஒவ்வொரு மூட்டையும் சுற்றி முழுசாகப் பற்றவைப்பார். கசடைத் தட்டி உதிர்ப்பார். சுத்தியலால் தட்டிக் கேட்பார். சரியென்றால் சாக்பீஸால் ஒரு குறி. குறி இல்லாத எதன் மேலும் பிள்ளைகள் கை வைக்கக்கூடாது. சறுக்கு மரத்தில் பத்து மூட்டு, ஏறுகம்பியில் பதினாலு, ஊஞ்சலில் எட்டு. மொத்தம் முப்பத்திரண்டு.

என் மகள் தினமும் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "டங் மாமா, ஊஞ்சல் எப்ப?"

"உனக்கு என்ன வயசு?"

"ஏழு."

அவர் கையிலிருந்த வெல்டிங் ராடைக் கீழே வைத்தார். "எட்டு ஆகட்டும். அப்புறம் ஏறு."

"அதுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கே!"

"ரெண்டு மாசம் ஓடிடும்" என்றார். நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிறு மாலை, வேலை முடிகிற நேரத்தில் கரண்ட் போனது. நெடுநேரம் காத்திருந்துவிட்டு அவர் சாமான்களைக் கட்டினார். மறுநாள் எங்களுக்கு விடுமுறை, அவருக்குப் பட்டறை. நாங்கள் ஆறேழு பேர் காலையிலேயே மஞ்சள் பெயின்ட்டோடு வந்துவிட்டோம். அவர் மாலையில் வந்து பார்க்கும்போது எல்லாம் தயாராக இருக்க வேண்டும், அசந்துபோக வேண்டும் என்று ஆசை. சாக்பீஸ் தூளின் மேல் பெயின்ட் பிடிக்காது என்றார் டிரைவர். ஈரத்துணியை எடுத்து எல்லாக் குறியையும் துடைத்தவள் நான். நன்றாகத் துடைத்தேன். எந்த மூட்டில் குறி இருந்தது, எதில் இல்லை என்று பார்க்கவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். மதியத்துக்குள் வெயிலில் மஞ்சள் பளபளத்தது.

மாலையில் அவர் வந்தார். அசந்துபோய்த்தான் நின்றார்.

"எப்படிண்ணே?" என்றேன்.

"குறி எங்க?"

அவர் ஊஞ்சல் காலைச் சுத்தியலால் தட்டினார். ஈரப் பெயின்ட்டில் சத்தம் அமுங்கிப் போனது. இன்னொன்றைத் தட்டினார். "ஒண்ணு பாக்கி வெச்சிருந்தேன். கரண்ட் போனப்ப கையில இருந்த மூட்டு. எதுன்னு ஞாபகம் வரல." குரல் உயரவே இல்லை. "பெயின்ட் அடிச்சிட்டா புள்ளியும் முழுசும் ஒண்ணாத்தான் தெரியும்."

டிரைவர்தான் என் பக்கம் திரும்பினார். "ஊருக்கே கண்ணு அளக்குற. எதுல குறி இல்லேன்னு உன் கண்ணுக்குத் தெரியல?" சிரிப்பதற்காகத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

அன்று இருட்டுவதற்கு முன் அண்ணி, அவர் மனைவி, என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அவரு சாப்பிடல. தூணுகிட்டயே நிக்கறாரு" என்றார். "உன்மேல கோவம் இல்லம்மா. நீ தெரிஞ்சா செஞ்ச? எங்களுக்கு ஒரு பொண்ணு இருந்தா. வாலுன்னு கூப்பிடுவோம். அவ்வளவு சேட்டை. வீட்டுக்கு கேட் செஞ்சாரு. கீலுக்குப் புள்ளி மட்டும் வெச்சு மாட்டினாரு. சொந்தக்காரங்க வராங்க, பெயின்ட் அடிச்சிடலாம், முழுசா நாளைக்கு வெச்சிக்கலாம்னாரு. அப்புறம் வேலை மேல வேலை. கேட் பாக்க முடிஞ்ச மாதிரியே இருந்துச்சு. அவ அது மேல ஏறி ஆடுவா. ஒரு நாள் புள்ளி விட்டுடுச்சு."

போகும்போது, "அப்ப அவளுக்கு ஏழு வயசு" என்றார்.

மறுநாளிலிருந்து பட்டறை முடிந்து நேராக மனைக்கு வந்தார். உப்புத்தாளால் ஒரு மூட்டுப் பெயின்ட்டைச் சுரண்டுவது, கண்ணாடியைப் போட்டுப் பார்ப்பது, தட்டிக் கேட்பது, குறி வைப்பது. ஒரு மாலைக்கு மூன்று அல்லது நான்குதான் முடிந்தது. நான் கடையிலிருந்து வந்து ஏணியைப் பிடிப்பேன். நான் சுரண்டித் தருகிறேன் என்றால் விடமாட்டார். திறப்பு நாள் ஒரு வாரம் தள்ளிப்போனது, பிறகு இன்னொரு வாரம். தெருவில் முணுமுணுப்பு. "தங்கமா செய்யறாரு இவரு?" என்று ஒருவர் கேட்டது அவர் காதிலும் விழுந்தது. அவர் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

வேலை நடுவே சில சமயம் கையை நிறுத்துவார். யாரோ கூப்பிட்டது போலத் திரும்பி வேலியைப் பார்ப்பார். அங்கே என் மகள் நின்றால் மறுபடி வேலைக்குத் திரும்புவார். யாரும் இல்லாவிட்டால் கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருப்பார்.

சறுக்கு மரம் பத்தும் சரி. ஏறுகம்பி பதினாலும் சரி. ஒவ்வொன்றும் "டங்" என்றபோது எனக்கு நிம்மதி, அவருக்கு அப்படியில்லை. பாக்கி இருப்பது எங்கோ அடுத்ததில்தான் இருக்கிறது என்று ஆகிக்கொண்டே வந்தது. ஒன்பதாம் மாலை ஊஞ்சலில் ஏழு மூட்டு முடிந்தது. எட்டாவது, இடது காலின் உச்சியில். அதற்கு ஏணியை நகர்த்திப் போட வேண்டும். எனக்குக் கை வலித்தது. மகள் வாசலில் நின்று பசிக்கிறது என்று கத்தினாள். வெளிச்சமும் குறைந்துவிட்டது.

"அண்ணே, ஒண்ணுதானே. நாளைக்குப் பாத்துக்கலாமே" என்றேன்.

ஏணியின் மேலிருந்து என்னைக் குனிந்து பார்த்தார். "நாளைக்கா?" என்றார். ஏதோ தெரியாத ஊரின் பெயரைக் கேட்டவர் போல. பிறகு, "சரிம்மா. பிள்ளைக்குச் சோறு போடு" என்று இறங்கினார். ஊஞ்சல் பலகையைக் கழற்றி எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். யாரும் ஏறிவிடக்கூடாது என்று.

மறுநாள் மூன்று பத்துக்குப் போன் வந்தது.

பதினாறு நாள் ஆகிறது. பலகை இல்லாமல் இரண்டு சங்கிலிகள் தொங்குகின்றன. காற்று அடிக்கும்போது அவற்றில் ஒன்று இடது காலில் போய் மோதும். என் சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம்தான். பாத்திரம் கழுவும்போது கையை நிறுத்திக் கேட்கிறேன். டங்கா, டொக்கா என்று காதைச் சாய்க்கிறேன். நேற்று என் மகள், "டங் மாமா வந்திருக்காரா அம்மா?" என்றாள். சங்கிலிடி என்றேன். "இல்லம்மா, சங்கிலி இப்படி நிறுத்தி நிறுத்தித் தட்டாது" என்றாள். எட்டிப் பார்த்தேன். காற்று இருந்தது. ஆள் யாரும் இல்லை.

இன்று மாலை அண்ணி சுத்தியலையும் சாக்பீஸையும் ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்.

"நீ ஏறிப் பாத்துடு" என்றார்.

"எனக்கு என்ன தெரியும் அண்ணி?"

"அவரு பக்கத்துல ஒன்பது நாள் நின்ன. சத்தம் தெரியும் உனக்கு."

டிரைவர் ஏணியைப் பிடித்தார். ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. நான் ஏறி, மஞ்சளைச் சுரண்டத் தொடங்கினேன். பாதிதான் சுரண்டியிருப்பேன். அதற்குள் தெரிந்துவிட்டது. மிளகு அளவுக்கு ஒரு புள்ளி, எதிர்ப் பக்கம் இன்னொன்று. நடுவே இரண்டு குழாய்களுக்கும் இடையில் நகம் நுழையும் இடைவெளி. இருந்தும் தட்டினேன். டொக்.

"என்னம்மா?" என்றார் டிரைவர் கீழேயிருந்து.

"இதுதான்" என்றேன்.

அவர் ஏணியின் காலில் நெற்றியை வைத்துக்கொண்டார். அண்ணி அழவில்லை. "அப்ப அவருக்குச் சரியாத்தான் ஞாபகம் இருந்திருக்கு. ஒண்ணுதான் பாக்கி" என்றார். பிறகு என் மகளை அருகில் இழுத்து, தலையில் கை வைத்து, "எட்டு எப்ப?" என்று கேட்டார். "அடுத்த மாசம்" என்றாள் இவள்.

லேத்காரர் ஞாயிற்றுக்கிழமை வெல்டிங் மிஷினோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பலகை அண்ணி வீட்டில், கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. சாக்பீஸ் என்னிடம். முப்பத்தொரு மூட்டில் அவர் வைத்த குறி இருக்கிறது. முப்பத்திரண்டாவதில் பெயின்ட் பாதி சுரண்டியபடி, இரண்டு புள்ளிகள்தான் இருக்கின்றன.